தொண்ணூறு நிமிடத்தை நம்பி வளவில் திரை கட்டாதீர்கள்

உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் மொந்தியேல் அடித்த கடைசிப் பெனால்டி வலைக்குள் போனபோது நமக்கு இரவு மணி பதினொன்றரையை நெருங்கியிருந்தது. எட்டரைக்குத் தொடங்கிய ஆட்டம். 2022 டிசம்பர் 18, மார்கழி பிறந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடி வட்டாரத்தில், பெரிய வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றமான வளவுகளில் திரை கட்டிக் கூட்டமாகப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு மாதம் முழுக்க ஒரே இடத்தில்தான் கணக்குத் தப்பியது. தொண்ணூறு நிமிடம், நடுவில் பதினைந்து நிமிடம், ஆக ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று போட்ட கணக்கு. டீத்தூள், பேட்டரி, டேட்டா, ஒலிபெருக்கி, கடைசி டவுன் பஸ் எல்லாம் அந்த ஒன்றேமுக்காலை நம்பியே ஏற்பாடாகியிருந்தன. கத்தாரில் நடந்த ஆட்டங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவே இல்லை.

இரண்டாம் நாளே அது தெரிந்துவிட்டது. இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் தலையில் அடிபட்டு விழ, முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் இஞ்சுரி டைம் கொடுத்தார்கள். கோல் கொண்டாட்டம், வீடியோ சரிபார்ப்பு, ஆள் மாற்றம் என்று வீணாகும் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிச் சேர்க்கச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவு. நாக்அவுட் சுற்று வந்ததும் இன்னும் நீண்டது. நாக்அவுட்டில் மொத்தம் 16 ஆட்டம். அதில் ஐந்து பெனால்டி ஷூட்அவுட் வரை போயின. ஒரே உலகக் கோப்பையில் இத்தனை ஷூட்அவுட் அதற்கு முன் நடந்ததில்லை. ஜப்பான்–குரோஷியா, மொராக்கோ–ஸ்பெயின், குரோஷியா–பிரேசில், நெதர்லாந்து–அர்ஜென்டினா, கடைசியாக இறுதியாட்டம். மூன்று ஆட்டத்துக்கு ஒன்று மூன்று மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் புத்தி.

டிசம்பர் 9 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த இரவு. எட்டரைக்கு குரோஷியா–பிரேசில். நெய்மார் எக்ஸ்ட்ரா டைமில் கோல் போட, 117ஆம் நிமிடத்தில் பெட்கோவிச் சமன் செய்ய, ஷூட்அவுட். பன்னிரண்டரைக்கு நெதர்லாந்து–அர்ஜென்டினா. அதிலும் இஞ்சுரி டைமின் பதினோராம் நிமிடத்தில் வெகார்ஸ்ட் சமன் செய்ய, எக்ஸ்ட்ரா டைம், ஷூட்அவுட். முடியும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு இரவைத் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் எந்த இரவையும் தாக்குப்பிடிக்கலாம். கீழே உள்ள அளவுகளெல்லாம் அந்த இரவை மனத்தில் வைத்துப் போட்டவை: அறுபது பேர், வளவில் திரை, நடுவில் எப்போது வேண்டுமானாலும் மழை.

முதலில் வீடு

பெரிய வீடு என்றால் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கேட்டாக வேண்டும். சாவி வைத்திருப்பவர் சம்மதித்தால் போதும் என்று இறங்கிவிட்டால், மூன்றாம் நாள் சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு போன் வரும், அதோடு முடிந்தது. கேட்கும்போது "ஒரு மேட்ச்தான் ஆச்சி" என்று சொல்லக் கூடாது. எத்தனை நாள், எத்தனை மணி வரை, எத்தனை பேர், வீட்டின் எந்தக் கட்டு (பகுதி) வரை வருவார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். முகப்பும் வளவும் மட்டும், இரண்டாம் கட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள் என்றால் பெரும்பாலும் மறுப்பு வராது. இன்னொன்றையும் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் டிசம்பர் 6 திருக்கார்த்திகை. அன்றிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு. நோன்புக்கு இழை எடுக்கும் சடங்குக்கு வீட்டார் வந்து இறங்கும்போது வளவில் ஃபிளெக்ஸும் ஒயரும் கிடந்தால் அடுத்த கோப்பைக்கு அந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். இறுதியாட்டம் 18ஆம் தேதி முடிந்ததால் தப்பித்தோம். திரையை மறுநாள் காலையே அவிழ்த்துவிடுவது நல்லது.

பர்மா தேக்குத் தூணில் ஆணி அடிக்காதீர்கள். சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் திரை கட்ட வரும் பையன் சுத்தியலோடுதான் வருவான். தூணைச் சுற்றிப் பழைய வேட்டியை நான்கு மடிப்பாகச் சுற்றி, அதன்மேல் பருத்திக் கயிறு. நைலான் கயிறு இழுபட்டால் மெருகில் வரி விழும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் செல்லோடேப், இரட்டைப் பக்க டேப் எதுவும் ஆகாது. உரிக்கும்போது பளபளப்பான மேல்பூச்சு ஏடாகக் கூடவே வந்துவிடும், அதைத் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது அபூர்வம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் டீ சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். அது சிமென்ட்டும் மணலும் வண்ணப்பொடியும் கண்ணாடி மேல் வார்த்துச் செய்த கல், கறையை உறிஞ்சும். எலுமிச்சை, ஆசிட், கறை நீக்கும் பவுடர் எதுவும் படக் கூடாது, வண்ணம் வெளுத்துவிடும். மறுநாள் வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்தபின் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட துணியால் ஒரு முறை தேய்த்தால் போதும்.

உட்காரும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நாற்காலி போட்டால் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு தூண் நிற்கும். திரையை வளவின் குறுகிய பக்கத்தில் கட்டி, எல்லாரையும் நடுவில் ஜமக்காளம் விரித்து உட்கார வையுங்கள். ஒருவருக்கு ஆறு சதுர அடி. 20 அடிக்கு 30 அடி வளவில் கணக்குப்படி நூறு பேர் கொள்ளும். ஆனால் நடக்க வழியும், புரொஜெக்டருக்கு இடமும், மழை வந்தால் தாழ்வாரத்துக்கு எழுந்து ஓட இடைவெளியும் விட்டால் அறுபதுதான். முட்டி வலிக்கும் பெரியவர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. பெண்களும் குழந்தைகளும் வருவதாக இருந்தால், வரவேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி, பின்கட்டில் கழிப்பறைக்குப் போகும் வழி முழுக்க விளக்குப் போடுங்கள். கார்த்திகை மழையில் கொல்லைப் பக்கம் பாம்பு வரும் காலம்.

திரையும் ஒளியும்

வீட்டு உபயோகத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் புரொஜெக்டர் 3,000 முதல் 3,500 லூமன் இருக்கும். 8 அடி அகலம், நாலரை அடி உயரத் திரைக்கு அது தாராளம். 10 அடி அகலம் வரை இழுக்கலாம். அதற்கு மேல் போனால் படம் வெளிறி, பந்து எது, ஆடுகளத்து வெள்ளைக் கோடு எது என்று தெரியாது. சாதாரண லென்ஸுக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும்: 8 அடித் திரைக்கு 12 அடி, 10 அடிக்கு 15. கூட்டத்துக்கு நடுவில் ஸ்டூல் மேல் வைத்தால் கோல் விழுந்ததும் யாராவது எழுந்து கவிழ்த்துவிடுவார்கள். இரண்டு பெஞ்சுகளைக் கட்டிப்போட்டு, சுற்றி ஒரு முழம் இடம் விட்டு, ஒயரைத் தரையோடு பாய்க்கு அடியில் கொண்டுபோக வேண்டும்.

திரைக்கு வேட்டி கட்டினால் ஒளி ஊடுருவி வீணாகும். வேட்டிதான் இருக்கிறதென்றால் பின்னால் ஒரு கறுப்புத் துணி சேர்த்துக் கட்டுங்கள். அதைவிட நல்லது பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கம். முன்பக்கம் பளபளப்பு, நடுவில் ஒளி வட்டமாகத் தெறிக்கும். பின்பக்கம் மங்கலான வெள்ளை, படம் சீராக விழும். ஃபிளெக்ஸுக்கு ஒரு குணம் உண்டு: காற்று வந்தால் பாய்மரம்போல் இழுக்கும். நாலு மூலையிலும் கயிற்றுக்கும் ஃபிளெக்ஸுக்கும் நடுவே ஒரு சாண் சைக்கிள் டியூப் துண்டு கட்டினால் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும், கண்ணி கிழியாது. செலவு இல்லாத வேலை, ஆனால் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் முதல் புயல் காற்றிலேயே வித்தியாசம் தெரியும்.

மாலை மூன்றரை மணி ஆட்டத்துக்கு வளவுத் திரை உதவாது. திறந்த வானம், எத்தனை லூமனும் பகல் வெளிச்சத்தோடு போட்டி போட முடியாது. அந்த ஆட்டங்களுக்குப் போஜன ஹாலில் டிவிதான். நவம்பர் 22 மூன்றரை மணிக்கு சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று வீழ்த்தியதை வட்டாரத்தில் பாதிப் பேர் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். "அர்ஜென்டினாதானே, ஜெயிச்சிரும்" என்ற அலட்சியம் இன்னொரு காரணம். ஆறரை மணி ஆட்டத்துக்குத் தடையில்லை. அந்த மாதத்தில் சூரியன் ஆறுக்கு முன்பே விழுந்துவிடும்.

இனி ஈசல். எந்தப் பட்டணத்துக் கையேட்டிலும் இது இருக்காது. மழை விட்ட இரவில் ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் கிளம்பும், வளவில் இருக்கும் ஒரே வெளிச்சம் புரொஜெக்டர். திரையில் கரும்புள்ளிகளாகப் பறப்பது சிறிய தொல்லை. காற்று உறிஞ்சும் வடிகட்டியில் இறகுகள் அடைத்துச் சூடு ஏறி இயந்திரம் தானாக அணைவது பெரிய தொல்லை. கொசுவலை போட்டு மூடினாலும் காற்று நின்று அதே கதிதான். செய்ய வேண்டியது, கொல்லைப் பக்கமோ வாசலுக்கு வெளியிலோ முப்பது அடி தள்ளி ஒரு பெரிய வெள்ளை பல்ப் எரிய விடுவது. கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர். முக்கால்வாசி ஈசல் அங்கே போய்விடும். இடைவேளையில் வடிகட்டியைக் கழற்றிப் பழைய பிரஷ்ஷால் ஒரு தட்டு.

சத்தம்: இரவு பத்து மணி

செட்டிநாட்டு வீட்டில் மேளச் சத்தம் எடுப்பாகக் கேட்கும், பேச்சுச் சத்தம் குழம்பும். வழவழ சுவர், கல் தரை, உயரமான கூரை எல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தையை நாலு தரம் திருப்பிச் சொல்லும். வர்ணனை புரியவில்லை என்று ஒலியைக் கூட்டக் கூட்ட இன்னும் புரியாது. ஒரு பெரிய பாக்ஸுக்குப் பதிலாக நான்கு சின்ன ஸ்பீக்கரைக் கூட்டத்துக்கு அருகில், ஆட்களைப் பார்த்துக் கீழ்நோக்கித் திருப்பி, குறைந்த ஒலியில் வையுங்கள். பேஸைக் கிட்டத்தட்ட முழுக்கக் குறைத்துவிடலாம். கூட்டத்துக்குப் பின்புறச் சுவருக்கு முன்னால் கயிறு கட்டி இரண்டு ஜமக்காளம் தொங்கவிட்டால் எதிரொலி பாதியாகும். ப்ளூடூத்தில் இணைக்காதீர்கள், உதை முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். ஒயர் போட்டுவிடுங்கள்.

சட்டப்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வளவு வீட்டுக்குள் இருந்தாலும் மேலே வானம்தானே, சத்தம் தெருவுக்குத்தான் போகும். குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்; அது சாதாரணப் பேச்சுக்கும் கீழே. பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா 2–0 என்று முன்னால் நின்றபோது பத்து மணி ஆகியிருக்கவில்லை. 80ஆம் நிமிடப் பெனால்டியும், அடுத்த நிமிடத்தில் பந்து தரையைத் தொடுமுன் உதைத்த கோலும், பிரான்ஸின் எம்பாப்பே அடித்த இரண்டும், பத்துக்குப் பிறகுதான். எக்ஸ்ட்ரா டைமில் மெஸ்ஸியின் கோல், 118ஆம் நிமிடத்தில் எம்பாப்பேயின் மூன்றாவது, கடைசி நொடியில் பிரான்ஸின் கோலோ முவானியின் உதையை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தது என்று உயிரைப் பிடித்து இழுத்ததெல்லாம் ஸ்பீக்கர் வாயை மூடியிருக்க வேண்டிய நேரம். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் வேறு. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்பதே முக்காலுக்கு, அதாவது இரண்டாம் பாதி தொடங்கியதும், ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு டிவியின் சொந்த ஒலி அளவுக்கு இறங்கிவிடுவதுதான் இதற்கு வழி. புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரே போதும். ஆச்சரியமாக, கூட்டமும் தானாக அடங்கி, காதைத் தீட்டிக்கொண்டு பார்க்கும். பன்னிரண்டரை மணி ஆட்டத்தை வளவில் போடவே வேண்டாம். அதற்குப் போஜன ஹால், கதவைச் சாத்திக்கொண்டு, இருபது பேர். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே போய்ச் சொல்லிவிட வேண்டும், முடிந்தால் கூப்பிட்டுவிட வேண்டும். வந்து உட்கார்ந்தவர்கள் புகார் சொல்வதில்லை.

வெடி வேண்டாம். தேக்கும் பழைய ஓலைகளும் உள்ள வீடு என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கோப்பையில் ஆஃப்சைடை அரைத் தானியங்கி முறையில் பார்த்தார்கள்: மைதானக் கூரைக்கடியில் 12 கேமரா, பந்துக்குள் நொடிக்கு 500 தரம் தகவல் அனுப்பும் சென்சார். சவுதி ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் அடிபட்டன. சரத்தைப் பற்றவைத்த பிறகு கோல் இல்லை என்றால் வெடியை யார் திருப்பி எடுப்பது?

கரண்ட், டிஷ், டேட்டா

லாம்ப் புரொஜெக்டர் 300 வாட், செட்டாப் பாக்ஸும் ரூட்டரும் சேர்ந்து 25, ஒலி 50 வாட், வழிக்கு நாலு எல்இடி பல்ப். ஆக 400 வாட் என்று வையுங்கள். வீடுகளில் பொதுவாக உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் 1,800 வாட்-மணி. ஆனால் இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது அத்தனையும் வராது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். புது பேட்டரியில் சுமார் இரண்டரை மணி நேரம். மூன்று வருடப் பழசில் ஒன்றரையே பெரிது. சாதாரண ஆட்டத்துக்குச் சமாளிக்கும். எக்ஸ்ட்ரா டைமில் கைவிடும். ஒருமுறை காலியானால் முழுக்க நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே எட்டரை ஆட்டத்தில் செலவானது பன்னிரண்டரை ஆட்டத்துக்குத் திரும்பி வராது. கரண்ட் போனதும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் புரொஜெக்டரை அணைத்துவிட்டு டிவிக்கு மாறிவிடுங்கள். 55 அங்குல எல்இடி டிவி 120 வாட்தான் இழுக்கும், அதே பேட்டரியில் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். சின்னத் திரை என்று முணுமுணுப்பார்கள். ஷூட்அவுட்டில் இருட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, சாதா மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். சாதா மோடில் கரண்ட் மாறும் அந்த ஒரு கணத்தில் புரொஜெக்டர் அணைந்துவிடும். பல்ப் சூடாக இருப்பதால் உடனே எரியாது, ஆறுவதற்குச் சில நிமிடம் பிடிக்கும். 80ஆம் நிமிடத்துக்கும் 81ஆம் நிமிடத்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அந்த ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று மாலையிலேயே, மெயினை ஒரு தரம் அணைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் அளவையும் அப்போதே.

ஒளிபரப்புக்கு டிஷ், பிராட்பேண்ட் இரண்டும் வேண்டும். கனத்த மழையில் டிஷ் சிக்னல் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். மேகம் நகர்ந்தால் தானாக வரும், கூரையேறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். ஆப்பில் பார்த்தால் மழைத் தொல்லை இல்லை, ஆனால் ஒளிபரப்பு அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். தெருவில் டிஷ் வைத்துப் பார்ப்பவர்கள் கத்துவது முதலில் கேட்கும், கோல் பிறகு தெரியும். இங்கே இன்னொரு வகையும் உண்டு: நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவில் நிறையப் பேர். தோஹாவிலிருந்து "மாமா, பாத்தீங்களா?" என்று வாட்ஸ்அப் வந்து விழும், இங்கே அப்போதுதான் ஃப்ரீகிக்குக்குச் சுவர் கட்டிக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஒரு தாம்பாளம் வைத்து எல்லாருடைய போனையும் சைலண்டில் போட்டு வாங்கி வைப்பதுதான் ஒரே மருந்து.

டிஷ்ஷிலிருந்து ஆப்புக்கு மாறினால் பார்த்ததையே அரை நிமிடம் மறுபடி பார்ப்பீர்கள், நஷ்டமில்லை. ஆப்பிலிருந்து டிஷ்ஷுக்கு மாறினால் அரை நிமிடம் தொலைந்துபோகும். ஷூட்அவுட் தொடங்கிய பிறகு எதிலிருந்தும் எதற்கும் மாறாதீர்கள். போன் டேட்டாவில் ஓட்டுபவர்கள் கவனிக்க: தெளிவான படத்துக்கு மணிக்கு இரண்டேகால் ஜிபி போகும். தினசரி 2 ஜிபி பேக் இடைவேளையோடு தீர்ந்துவிடும்; மூன்று மணி ஆட்டத்துக்கு 7 ஜிபி. நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புது நாள் டேட்டா வருவதால் பன்னிரண்டரை ஆட்டத்துக்குக் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட் போட்டாலோ, கடைக்காரர் பேனரைக் கட்டி ஸ்பான்சர் வாங்கினாலோ அது வியாபாரக் காட்சி. ஃபிஃபாவின் அனுமதி வேண்டும். ஆளுக்கு ஐம்பது என்று டீச் செலவைப் பகிர்ந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டீயும் தட்டும்

அறுபது டம்ளர், டம்ளருக்கு 100 மில்லி. ஒரு சுற்றுக்கு மூன்றே கால் லிட்டர் பால், அதே அளவு தண்ணீர், 140 கிராம் டீத்தூள், 400 கிராம் சீனி. இடைவேளை பதினைந்தே நிமிடம் என்பதால் 40ஆம் நிமிடத்தில் அடுப்பிலிருந்து இறக்கியிருக்க வேண்டும், இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும். ஒரு சுற்றுக்கு மட்டும் பால் வாங்குவதுதான் வழக்கமான தப்பு. எக்ஸ்ட்ரா டைமுக்கு முன் கிடைப்பது ஐந்து நிமிடம், அப்போதுதான் எல்லாருக்கும் தொண்டை வறண்டிருக்கும், கடை எதுவும் திறந்திருக்காது. இரண்டாம் சுற்றுக்குப் பாலை நம்பாமல் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பிக்குச் சாமான் எடுத்து வைத்துவிடுங்கள். ஆட்டம் தொண்ணூறிலேயே முடிந்தால் கெட்டுப்போகாது, அடுத்த நாளைக்கு ஆகும்.

செட்டிநாடு என்றதும் வெளியூர் நண்பர்கள் வெள்ளைப் பணியாரம் கேட்பார்கள். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, எண்ணெயில் ஒரு கரண்டி மாவு, ஒரு பணியாரம். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். அறுபது பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் நூற்றெண்பது; ஊற்றுகிற ஆச்சி ஆட்டத்தைப் பார்ப்பது எப்போது? கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் கோல் கொண்டாட்டமும் ஆபத்து. இரவு ஆட்டத்துக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் முந்தின நாளே சுட்டு டின்னில். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுண்டல்: இரண்டு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் நாலரைக் கிலோவுக்குக் குறையாது, ஆளுக்கு ஒரு தொன்னை.

முடிந்த பிறகு

அர்ஜென்டினா, பிரேசில் ஃபிளெக்ஸ்கள் ஒரு பாடம். கேரளத்தில் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் கட்அவுட் வைத்ததைப் பார்த்து இங்கேயும் ஆசை வந்தது. டிசம்பர் 9க்குப் பிறகு மஞ்சள் ஃபிளெக்ஸ்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டோரம் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும், கிழிந்து தொங்கினால் வண்டிக்காரர் மேல் விழும். வைத்தவரே இறக்கியும் ஆக வேண்டும். எரிக்கக் கூடாது, வைக்கோல் படப்புக்கு மூடவோ, கோழிக்கூண்டுக்குக் கூரையாகவோ இரண்டு மழைக்காலம் தாங்கும். மொராக்கோவுக்கு யாரும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. கார்த்திகைத் தீபத்தன்று ஸ்பெயினை ஷூட்அவுட்டில் 3–0 என்று அனுப்பிவிட்டு, பிறகு போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி அது. ஹக்கிமி கடைசிப் பெனால்டியை மெல்லத் தூக்கி நடுவில் போட்டதைப் பார்த்த பிள்ளைகள் ஒரு வாரம் வேறெதுவும் செய்யவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு பந்து வேண்டும். பெரியவர்கள் சோர்ந்து கிடக்கும் அந்த இரண்டு வாரத்தில் கொடுத்தால்தான் அது ஒட்டும், பொங்கல் தாண்டினால் மறுபடி கிரிக்கெட்தான். பன்னிரண்டு வயது வரை 4ஆம் அளவு. நம் செம்மண், சரளைத் தரையில் தைத்த பந்து மேல்தோல் உரிந்து சீக்கிரம் போய்விடும். ரப்பர் வார்ப்புப் பந்து விலையும் குறைவு, உழைப்பும் அதிகம். கல் மாதிரி காற்றடிக்காதீர்கள், விதிப்படியே 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை போகலாம், சரளைக்குக் கீழ் எல்லையே நல்லது. கண்மாய் நிரம்பி இருக்கும் மாதம் என்பதால் உள்வாயில் ஆட முடியாது. பங்குனியில் தண்ணீர் வற்றினால் அதைவிட மெத்தென்ற தரை கிடையாது. அதுவரை பள்ளி மைதானம். சவுக்குக் கம்பு மூன்று இருந்தால் கோல் போஸ்ட், சின்னவர்களுக்கு 12 அடி அகலம் 6 அடி உயரம். பெரிய அளவான 24க்கு 8 வைத்தால் கோல்கீப்பராக நிற்கும் பையன் இரண்டாம் நாள் வரமாட்டான்.

2026 போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. 48 அணி, 104 ஆட்டம். கவனிக்க வேண்டிய எண் வேறு: நாக்அவுட் ஆட்டம் 16 இல்லை, 32. மூன்று மணி நேரம் இழுக்கக்கூடிய இரவுகள் இரண்டு மடங்கு. நியூயார்க் நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே மாலை என்றால் இங்கே விடியல். இறுதியாட்டமே நமக்கு ஜூலை 20 நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, ஆடி பிறந்த சில நாளில். அம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டும் ஜமக்காளமும் முன்பே சொல்லிவைத்திருப்பார்கள், ஆனி முகூர்த்தங்களுக்கு வளவும் போய்விடும். மே மாதமே எல்லாவற்றையும் கேட்டு வைக்க வேண்டும். அங்கே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை ஆறரை. சூரியன் ஏறிவிடும், புரொஜெக்டரை அவிழ்க்கவே வேண்டாம், ஹாலில் டிவிதான். ஆனால் ஆறு மணி தாண்டிவிட்டதால் ஸ்பீக்கர் வைக்கலாம், அடுப்படியில் எப்படியும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வருவதும் இருபது பேருக்குள்தான். அன்றைக்கு மட்டும் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொள்ளலாம்.